விருந்தினர் தட்டு



பிறர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். வழித்துச் சாப்பிட்டால்தான் சமைத்தவள் மனம் குளிரும் என்பார்கள். அந்தப் பாடத்தோடுதான் நாங்களும் கடல் கடந்து போனோம்.

போன இடம் சமோவா. பசிபிக் பெருங்கடலில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே இருக்கும் தீவு நாடு. 1962-இல் விடுதலை பெற்றது. அங்கே உபோலு தீவின் ஒரு கிராமத்தில், கணவனும் மனைவியுமாக எங்களை ஒரு குடும்பத்தார் மூன்று மாதம் வைத்திருந்து சோறு போட்டார்கள். சோறு என்பது பழக்கத்தில் வந்த சொல்; பெரும்பாலும் கிழங்குதான்.

அவர்கள் வீட்டுக்குச் சுவரே இல்லை. வட்டமாகத் தூண்கள், மேலே கூரை. மழை சாய்ந்து அடித்தால் தென்னோலைத் தட்டியை இறக்கிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவரைக் கடந்து போகிறவர், சிறு பிள்ளையானாலும், குனிந்து ‘துலோவ்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார். மன்னிக்க வேண்டும் என்று பொருள். பாயில் காலை நீட்டி உட்காருவது மரியாதைக் குறைவு. இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. சுவரில்லாத வீட்டில் தூங்கத்தான் ஒரு வாரம் பிடித்தது.

பொழுது சாயும் நேரத்தில் சங்கு ஊதும். சில ஊர்களில் மணி அடிப்பார்கள். உடனே தெருவில் நடமாட்டம் நின்றுவிடும். இளைஞர்கள் சாலையோரம் காவல் நிற்பார்கள். வீட்டுக்கு வீடு ஜெபமும் பாட்டும் கேட்கும். வேலைக்கு ஓடுவதற்கே சங்கு கேட்டுப் பழகிய நமக்கு, வீட்டில் உட்காரச் சொல்லி ஊதும் சங்கு மிகவும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஊரெங்கும் புகை எழும். கல்லை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கெலாடிக் கிழங்கையும் சுக்குன் காயையும் அடுக்குவார்கள். கெட்டித் தேங்காய்ப் பாலைக் கெலாடி இலையில் பொதிந்து அதையும் வைத்து, வாழை இலையால் மூடுவார்கள். அடுக்கியதும் வெள்ளை உடுத்தித் தேவாலயம். நாங்கள் வேறு சமயத்தவர் என்பது தெரிந்தும் முன்வரிசையில் இடம் தந்தார்கள். காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் உரக்க வாசித்தது மட்டும் எங்களுக்கு உவப்பாக இல்லை. இல்லாதவர் முகம் அப்போது எங்கே திரும்பும்? ஆனால் நம் தோட்டத்துத் திருவிழா ஒலிபெருக்கி நினைவுக்கு வரவே, வாயை மூடிக்கொண்டோம்.

வீடு திரும்பியதும் சாப்பாடு. எங்களுக்கும் குடும்பத் தலைவருக்கும் முதலில் வந்தது. பிள்ளைகள் நால்வரும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டினார்கள். தட்டு நிறைய இருந்தது. பாடம் மறக்காமல், திணறித் திணறி முழுவதையும் சாப்பிட்டு முடித்தோம். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைக்குட்டி மட்டும் தட்டை ஒருமுறை பார்த்தான்.

அந்த நாட்டில் விருந்தினரும் பெரியவர்களும் உண்டு மிஞ்சுவதுதான் பிள்ளைகளின் பந்தி. அதற்காகவே தட்டை நிறைத்து வைக்கிறார்கள். எங்களுக்கு இது தெரிய இரண்டு ஞாயிறு ஆயிற்று. பானையில் வேறு கிழங்கு இருந்தது, யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று அந்த அம்மாள் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியர் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளின் பங்கைத் தின்றிருக்கிறோம். அன்று முதல் பாதியிலே கையை எடுத்தோம்.

இந்த முறையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் லயங்களில் கடைசியில் சாப்பிடுகிறவள் தாய். அடுப்படியில் நின்றபடியே அவள் எதைத் தின்றாள் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு வந்தது. அங்கே அது பிள்ளைகளின் திருநாள். வெள்ளை ஞாயிறு என்பார்கள். பிள்ளைகள் புது வெள்ளையுடுத்தி, தேவாலயத்தில் மனப்பாடமாக வேதவசனம் சொன்னார்கள், நடித்தும் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் நால்வரையும் பாயில் உட்கார வைத்தார்கள். ஊர்ச் சபையில் முன்னிடம் பெற்ற அந்தத் தகப்பனார் தாமே தட்டுகளைச் சுமந்து வந்து, குனிந்து, பிள்ளைகள் முன் வைத்தார். மூத்தவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. கடைக்குட்டி ஒரு கோழித் தொடையைக் கடித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பி, ஈ வருகிறது என்று சைகை காட்டினான். நாங்கள் விசிறியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்.