பாடநெறியைத் திறந்து பாருங்கள்

பிரித்தானியாவில் ஏ-லெவல் படிக்கும் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து பல்கலைக்கழகம் தேடும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை

இலங்கையில் உயர்தரம் எழுதியவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். முதலில் பரீட்சை, பிறகு பெறுபேறு, பெறுபேற்றோடு இசட் புள்ளி. அதற்குப் பின்புதான் பல்கலைக்கழக விண்ணப்பம். விருப்பப் பட்டியலை நிரப்பிக் கொடுத்தால் மிச்சத்தை வெட்டுப்புள்ளி பார்த்துக்கொள்ளும். பயோ எடுத்த பிள்ளைக்கு மருத்துவ பீடம் கிடைத்ததா, மாட்ஸ் எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் பீடம் கிடைத்ததா என்பதுதான் வீட்டிலும் ஊரிலும் கேட்கப்படும் கேள்வி.

பிரித்தானியாவில் வரிசை வேறு. ஏ-லெவல் பரீட்சை மே, ஜூன் மாதங்களில் நடக்கிறது. பெறுபேறு ஓகஸ்டில் வருகிறது. விண்ணப்பமோ அதற்கு முந்திய ஒக்டோபரிலோ ஜனவரியிலோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்போது பிள்ளையின் கையில் இருப்பவை பாடசாலை கணித்துக் கொடுத்த தரங்கள் மட்டுமே. ஆயிரக்கணக்கான பாடநெறிகளில் எது தனக்குரியது என்று 17 வயதிலேயே அந்தப் பிள்ளை சொல்லியாக வேண்டும்.

ஹரோ, வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் வாழும் இடங்களில் ரியூஷனுக்குக் குறைவில்லை. சனி, ஞாயிறு முழுவதும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெற்றோர் ஏராளம். தரம் வாங்குவதற்கு இவ்வளவு பாடுபடும் நாம், அந்தத் தரத்தைக் கொண்டு எதைப் படிப்பது என்பதைத் தேடி அறிவதற்கு மிகக் குறைந்த நேரத்தையே ஒதுக்குகிறோம். மூன்று அல்லது நான்கு வருட வாழ்க்கை அந்தத் தெரிவில்தான் தங்கியிருக்கிறது.

ஐந்து இடங்கள்

விண்ணப்பங்கள் எல்லாம் யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் ஊடாகவே போகின்றன. ஒரு மாணவர் அதிகபட்சம் ஐந்து பாடநெறிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் நான்கு இடங்களுக்கு மட்டுமே. ஐந்தாவது இடத்தில் வேறொரு பாடநெறியைப் போடலாம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியும். இவற்றுக்கும் மேற்சொன்ன மருத்துவத் துறைகளுக்கும் முடிவுத் திகதி ஒக்டோபர் 15. மற்றப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு ஜனவரி. பல பாடசாலைகள் இதற்கும் முன்னதாகவே தங்களுக்கென்று ஒரு திகதி வைத்திருக்கும். அதை முதலில் கேட்டு வையுங்கள்.

ஐந்து இடங்களுக்கும் போவது ஒரே பெர்சனல் ஸ்டேட்மென்ட். 2026 நுழைவிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், இதுவரை படித்தவை உங்களை அதற்கு எப்படித் தயார்ப்படுத்தின, வகுப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள். மூன்றுக்குமாகச் சேர்த்து, இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள். பொருளியலுக்கு இரண்டு, சட்டத்துக்கு இரண்டு, உளவியலுக்கு ஒன்று என்று பங்கு பிரித்தால் முதலாவது கேள்விக்கே உண்மையான பதில் எழுத முடியாது. ஆகவே எந்தப் பாடம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஒரே பெயர், வேறு வேறு படிப்பு

இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே பெயரில் நடத்தும் பாடநெறிகள் ஒரே படிப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணினி விஞ்ஞானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் முதல் வருடத்தில் பாதி கணிதமும் தர்க்கமுமாக இருக்கும். இன்னோரிடத்தில் முதல் தவணையிலிருந்தே மென்பொருள் செய்யச் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டும் நல்லவையே. ஆனால் இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஏற்றவை ஆகமாட்டா.

இதை அறிய ஒரு மாலைப் பொழுது போதும். பிள்ளை விரும்பும் பாடநெறிகளில் இரண்டின் பக்கங்களைப் பல்கலைக்கழகங்களின் சொந்தத் தளங்களில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலே இருக்கும் படங்களையும் புகழுரையையும் தாண்டிக் கீழே இறங்கினால் வருடவாரியாக மொடியூல் பட்டியல் இருக்கும். எவை கட்டாயம், எவை விருப்பம் என்று பாருங்கள். மதிப்பீடு எழுத்துப் பரீட்சையாலா, ஒப்படைகளாலா, செய்முறையாலா என்று பாருங்கள். தொழில் நிறுவனமொன்றில் ஒரு வருடம் வேலை செய்யும் வாய்ப்பு உண்டா என்று தேடுங்கள். பிறகு பிள்ளையிடம் கேளுங்கள்: "இரண்டாம் வருஷத்தில படிப்பிக்கிறதில எது உனக்கு விருப்பம், பிள்ளை?" ஒரு மொடியூலையாவது ஆசையோடு சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பாடநெறியைப் பட்டியலில் வைப்பது பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

அடுத்தது, தொழில்சார் அங்கீகாரம். நம் வீடுகளில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். மருத்துவத்துக்கு நான்கு இடம் போட்ட பிள்ளைகள் பலர், ஐந்தாவது இடத்தில் அதிகம் யோசிக்காமல் பயோமெடிக்கல் சயன்ஸ் என்று நிரப்புகிறார்கள். நான்கும் கைவிட்டால் அந்த ஐந்தாவதே அவர்களின் படிப்பாகிவிடுகிறது. என்.எச்.எஸ். ஆய்வுகூடத்தில் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட் ஆகப் பணியாற்ற எச்.சி.பி.சி. என்ற சபையில் பதிவு வேண்டும். அதற்கு நேரான வழி, ஐ.பி.எம்.எஸ். என்ற நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டம். இந்தப் பெயரில் நடக்கும் எல்லாப் பாடநெறிகளுக்கும் அந்த அங்கீகாரம் இல்லை. சில ஆராய்ச்சியை நோக்கி அமைக்கப்பட்டவை. அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு வந்தவர் மேலதிகமாகச் சில பாடங்களைப் படித்து முடிக்க வேண்டி வரலாம். "அதை முடிச்சுப்போட்டு மருத்துவத்துக்கு மாறலாம்" என்று சொல்வதும் வழக்கம். பட்டதாரிகளுக்கான நான்கு வருட மருத்துவப் படிப்பு இருப்பது உண்மை. அதற்குள்ள போட்டி மிகக் கடுமையானது என்பதும் அதே அளவு உண்மை. ஐந்தாவது இடத்தையும், அங்கேதான் போகப் போகிறோம் என்ற எண்ணத்தோடு தெரிவு செய்யுங்கள்.

உளவியல் படித்து உளவியலாளராக விரும்புவோர் பி.பி.எஸ். என்ற உளவியல் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும். மருந்தாளராக விரும்புவோர் நான்கு வருட எம்.பார்ம். பட்டமும் அதன் பின் ஒரு வருடப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பாடநெறியின் பக்கத்தில் "அக்ரெடிட்டட்" என்ற சொல்லைக் கண்டால், யாரால், எதற்கு என்று அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகுங்கள்.

ஏ-லெவல் பாடங்களும் இங்கே குறுக்கே வரும். எல்.எஸ்.ஈ.யில் பொருளியல் படிக்க ஏ-லெவல் கணிதம் கட்டாயம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் இரசாயனவியலைக் கேட்கும். பொறியியலுக்குக் கணிதமும் பல இடங்களில் பௌதிகமும் வேண்டும். ஆகவே இந்தத் தேடல் ஏ-லெவல் பாடங்களைத் தெரிவு செய்யும் 11ஆம் ஆண்டிலேயே மெல்லத் தொடங்க வேண்டியது.

ரஸல் குரூப் என்ற பெயர்

"ரஸல் குரூப்பில கிடைச்சிட்டுதா?" என்ற கேள்வியை நம் வைபவங்களில் அடிக்கடி கேட்கலாம். 1994இல் ஆராய்ச்சியில் முன்னிற்கும் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் நலனுக்காகத் தாங்களே சேர்ந்து அமைத்த சங்கம் அது. லண்டன் ரஸல் சதுக்கத்திலுள்ள ஹோட்டலில் கூடியதால் அந்தப் பெயர். இப்போது 24 உறுப்பினர்கள். கற்பித்தலின் தரத்தை அளந்து யாரும் தயாரித்த பட்டியல் அல்ல அது. சென் அன்ட்ரூஸ், பாத், லஃப்பரோ ஆகியவை அதில் இல்லை. சென் அன்ட்ரூஸ் பத்திரிகைகளின் தரவரிசையில் ஒக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் முந்தி முதலிடம் பெற்றதும் உண்டு. பாத் பல்கலைக்கழகம் மாணவரைத் தொழிலிடங்களுக்கு அனுப்பும் வருடத்துக்குப் பெயர் பெற்றது.

முழுப் பல்கலைக்கழகத்தின் இடத்தைவிட அந்தப் பாடத்தில் அதன் இடம் என்ன என்று பார்ப்பது பயன் தரும். 'டிஸ்கவர் யூனி' என்ற உத்தியோகபூர்வத் தளத்தில் இதற்கான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. இறுதியாண்டு மாணவர் தங்கள் பாடநெறியைப் பற்றிச் சொன்ன கருத்து, பட்டம் பெற்று 15 மாதங்களின் பின் என்ன செய்கிறார்கள், எவ்வளவு உழைக்கிறார்கள் எல்லாம் அதில் உண்டு. சிறிய பாடநெறிகளுக்கு, அதே துறையின் மற்றப் பாடநெறிகளையும் சேர்த்தே எண்கள் தரப்படுவதுண்டு. பக்கத்தில் இருக்கும் அந்தக் குறிப்பையும் வாசித்துவிடுங்கள்.

ஒரு தொழிலுக்குப் பல வாசல்கள்

வழக்கறிஞராக வேண்டுமென்றால் சட்டப் பட்டம்தான் படிக்க வேண்டும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எஸ்.கியூ.ஈ. பரீட்சை வந்தது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அந்தப் பரீட்சையில் தேறி, இரண்டு வருட வேலை அனுபவமும் பெற்றால் சொலிசிட்டர் ஆகலாம். வரலாற்றில் உயிரை வைத்திருக்கும் பிள்ளையை விருப்பமில்லாத சட்டப் பட்டத்துக்குள் தள்ளத் தேவையில்லை. விரும்பிப் படிக்கும் பிள்ளைதான் நல்ல பெறுபேறு எடுக்கும். அந்தப் பெறுபேறுதான் அடுத்த கதவைத் திறக்கும்.

டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் பற்றி நம் வீடுகளில் பேச்சே குறைவு. 2015இல் தொடங்கிய இந்த வழியில் மாணவர் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே பட்டம் பெறுகிறார். கல்விக் கட்டணம் அவருக்கு இல்லை. கணக்கியல், பொறியியல், மென்பொருள் போன்ற துறைகளில் இவை உள்ளன. இடங்கள் குறைவு. நிறுவனங்கள் வைத்த திகதிகளுக்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யூகாஸ் விண்ணப்பத்தோடு சேர்த்தே இதையும் முயலலாம்.

தாதியம், மருத்துவிச்சியியல், ரேடியோகிராபி போன்றவை படிப்போருக்கு இங்கிலாந்தில் தகுதி இருந்தால் வருடத்துக்கு 5,000 பவுண் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவியாகக் கிடைக்கிறது. மருத்துவர் ஆக முடியாதவர்களின் படிப்பு என்று இவற்றை ஒதுக்கி வைப்பது பெரிய தவறு.

காசும் விசாவும்

இங்கிலாந்தில் 2025-26இல் உள்ளூர் மாணவருக்கான உச்சக் கல்விக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண். இந்தத் தொகையைக் கேட்டுப் பயந்து இரட்டை வேலை செய்யும் பெற்றோர் உண்டு. கட்டணத்துக்கான கடனை அரசு நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும். 2023 ஓகஸ்டிலிருந்து படிப்பைத் தொடங்கியவர்கள், வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 9 வீதம் மட்டும் கட்ட வேண்டும். 30,000 பவுண் சம்பளம் என்றால் மாதத்துக்கு 37 பவுண் 50 பென்ஸ். 40 வருடத்தில் மீதி தள்ளுபடியாகும். வாழ்க்கைச் செலவுக் கடன் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வீட்டிலிருந்து போய் வருபவருக்கு அது குறையும். இடம் உறுதியாகும் வரை காத்திராமல் வசந்த காலத்திலேயே விண்ணப்பியுங்கள்.

உண்மையான ஆபத்து விசாவில் இருக்கிறது. சிறு வயதில் வந்து இங்கேயே படித்து வளர்ந்து, இன்னும் நிரந்தர வதிவிடம் கிடைக்காத பிள்ளைகள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கப்படலாம், கடனும் மறுக்கப்படலாம். 2015இல் டிகேரே வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு விதி சற்று இளகியது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 7 வருடம், அதற்கு மேல் என்றால் பாதி வாழ்நாள் அல்லது 20 வருடம் இங்கே வாழ்ந்திருந்தால், சட்டபூர்வமான வதிவிடம் உள்ளவருக்குக் கடன் பெற வழியுண்டு. வேறு நிபந்தனைகளும் உள்ளன. 12ஆம் ஆண்டிலேயே தகுந்த சட்ட ஆலோசகரிடம் கேட்டு ஆவணங்களைச் சரி செய்யுங்கள். தஞ்சக் கோரிக்கையில் இருக்கும் மாணவருக்கென்று பல பல்கலைக்கழகங்கள் புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. வெட்கப்படாமல் கேளுங்கள்.

பெற்றோரின் வேலை

ஓப்பன் டேக்கு ஜூனிலும் செப்டெம்பர், ஒக்டோபரிலும் கூட்டம் நிறையும். அங்கே நாம் கேட்கும் முதற் கேள்வி "இதைப் படிச்சா என்ன வேலை?" என்பதாகவே இருக்கிறது. பிள்ளை பின்னால் நிற்கும். அடுத்த முறை பிள்ளையை முன்னே விடுங்கள். விரிவுரை மண்டபத்தில் பேராசிரியரை விட்டுவிட்டு, வழிகாட்டியாக நிற்கும் இரண்டாம் வருட மாணவரைப் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு? பின்னூட்டம் எப்போது வருகிறது? முதல் வருடத்தில் எது கஷ்டமாக இருந்தது? அந்தப் பதில்கள் எந்தக் கையேட்டிலும் இரா.

ஸ்டேட்மென்ட்டை நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது, காசுக்கு எழுதுவிக்கவும் கூடாது. பிரதி செய்யப்பட்டதா என்று யூகாஸ் சோதிக்கிறது. வாசித்துக் கேட்பதும், "இதை ஏன் எழுதினாய்?" என்று விசாரிப்பதும் நம் பங்கு.

பெறுபேற்று நாள்

பல்கலைக்கழகங்களிடமிருந்து ஓஃபர்கள் வந்த பிறகு இரண்டை வைத்துக்கொள்ளலாம்: முதல் தெரிவு ஒன்று, காப்பு ஒன்று. காப்பு, முதலாவதைவிடக் குறைந்த தரம் கேட்பதாக இருக்கட்டும். இரண்டும் ஒரே தரத்தைக் கேட்டால் காப்பினால் பயனில்லை.

பெறுபேறு ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை வரும். தரம் குறைந்தால் உடனே முடிவு கட்ட வேண்டாம். முதல் தெரிவே ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஏற்காவிட்டால், நிரம்பாத இடங்களுக்கு விண்ணப்பிக்கும் கிளியரிங் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர் மாணவரே. பெற்றோர் பேசினால் பெரும்பாலும் தொடர மாட்டார்கள். முதல் நாள் இரவே நான்கைந்து பாடநெறிகளின் மொடியூல்களை வாசித்துப் பட்டியல் எழுதி வைத்த பிள்ளை அந்த அழைப்பில் தடுமாறாது. பதற்றத்தில் கிடைத்ததைப் பிடிப்பதைவிட, ஒரு வருடம் கழித்துத் திட்டமிட்டு மறுபடி விண்ணப்பிப்பது பல பிள்ளைகளுக்கு நல்லதாக அமைகிறது. அந்த வருடத்தை அவமானமாகப் பார்க்காத வீடு பிள்ளைக்குப் பெரிய பலம்.

மாமாவின் மகன் எங்கே படிக்கிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எங்கே கிடைத்தது என்பவை நம் பிள்ளைக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. தான் படிக்கப் போகும் மூன்று வருடத்தில் என்ன இருக்கிறது, அதை ஏன் விரும்புகிறேன் என்று தன் வாயால் சொல்லக்கூடிய பிள்ளை தெரிவைச் சரியாகச் செய்துவிட்டது. அந்த நிலைக்கு அதைக் கொண்டுவரத் தேவையான நேரத்தையும் பொறுமையையும் கொடுப்பது நம் கடமை. உங்கள் பிள்ளை 12ஆம் ஆண்டில் இருந்தால், இந்த வார இறுதியிலேயே ஒரு பாடநெறியைத் திறந்து இருவருமாக உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குங்கள்.