ஐந்து நிமிடத் தாமதம்

கண்டியிலே ஒரு புதிய படத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "படம் நன்றாக இருக்கிறதா?" என்றல்ல, "குடும்பத்தோடு பார்க்கலாமா?" என்றுதான். கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருப்பவரும், கலஹாத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும் இதையே கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை ஏளனம் செய்யும் இலக்கிய நண்பர்கள் உண்டு. அது சரியல்ல. பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு படம் பார்ப்பவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. எந்த அளவுகோலால் பதில் சொல்கிறோம் என்பதைத்தான் நாம் சற்று யோசிக்க வேண்டும்.

நாம் குடும்பப் படம் என்று கொண்டாடியவற்றில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு உண்டு. துன்பம் வரும், அது முற்றும், கடைசியில் மறுவாழ்வு தக்க சமயத்தில் வந்து சேரும். 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யில் கல்யாணி படாத பாடு படுகிறாள். ஆனாலும் அவள் ஆற்றில் எறிந்த குழந்தை பிழைத்துக்கொள்கிறது. பிரிந்த சகோதரர்கள் ஒன்று சேர்கிறார்கள். 1978இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தில், ஒரு கையை இழந்தும் வீம்பை இழக்காத காளி, இறுதிக் காட்சியிலேதான் தங்கையின் விருப்பத்திற்கு இணங்குகிறான். தாமதம்தான், ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. நாம் நிம்மதியாக எழுந்து வீடு திரும்புகிறோம்.

காலம் கடந்துவிட்டால் என்ன ஆகும்? இதனை ஆராய்ந்தவர் ரஷ்ய எழுத்தாளர் தொஸ்தோயெவ்ஸ்கி. ஓர் ஏழைத் தையற்காரப் பெண், தெய்வப் படமொன்றை அணைத்தபடி மேல்மாடியிலிருந்து குதித்து இறந்தாள் என்ற பத்திரிகைச் செய்தி அவர் மனதை விட்டு அகலவில்லை. 1876இல் அதிலிருந்து ஒரு நெடுங்கதை பிறந்தது. அடகுக் கடைக்காரன் ஒருவன், தன்னிடம் பொருள்களை அடகு வைக்க வந்த அநாதைப் பெண்ணை மணக்கிறான். இராணுவத்திலிருந்து அவமானத்தோடு விலகியவன் அவன். அதை அவளிடம் சொல்லவில்லை. மௌனத்தால் அவளை அடக்கி ஆள நினைக்கிறான். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் பேச்சின்றிக் கழிகிறது. ஒருநாள் அவன் இருப்பதையே மறந்தவளாய் அவள் மெல்லப் பாடுகிறாள். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. காலில் விழுகிறான், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிநாடு போவோம் என்கிறான், கடவுச்சீட்டுக்காக வெளியே போகிறான். திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை. ஐந்து நிமிடம் பிந்திவிட்டேன் என்று புலம்புகிறான்.

இக்கதையை பிரான்சில் றொபேர் பிரெஸோன் 1969இல் படமாக்கினார். நம் நாட்டில் பிரசன்ன விதானகே 2012இல் இதனை மலையகத்திற்குக் கொண்டு வந்தார். அந்தப் படம் 'ஒப நதுவா ஒப எக்கா'. நீயின்றி, நீயோடு என்று பொருள் கொள்ளலாம். சியாம் பெர்னாண்டோ நடித்த சரத்சிறி, மலையக ஊரொன்றில் அடகுக் கடை வைத்திருக்கும் சிங்களவர். நகை அடகு வைக்க வரும் தமிழ்ப் பெண் செல்வியாக நடித்தவர் அஞ்சலி பாட்டீல். அந்த நடிப்புக்காக 2012ஆம் ஆண்டு கோவாத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். செல்வி போரிலே சகோதரர்களை இழந்தவள். மணந்த பிறகுதான், தன் கணவன் முன்னர் படைவீரனாக இருந்தவன் என்பது அவளுக்குத் தெரியவருகிறது.

அடகுக் கடை என்பது நமக்கு வெறும் காட்சிப் பின்னணி அல்ல. பாடசாலை தொடங்கும் மாதத்திலும், வீட்டில் நோய் வந்தாலும், தோடும் சங்கிலியும் அங்கே போய்த் திரும்புகின்றன, சில திரும்புவதில்லை. பொருளைத் தவணைக்குள் மீட்க வேண்டும் என்பது தோட்டத்துத் தாய்மாருக்கு யாரும் கற்பிக்க வேண்டிய பாடமல்ல. மனிதருக்கும் அப்படி ஒரு தவணை உண்டு என்பதை இந்தக் கதை சொல்கிறது.

இது குடும்பத்தோடு பார்க்கும் படமல்ல என்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதே. சோகத்தில் முடிகிறது, பிள்ளைகளுக்கு நம்பிக்கை தர வேண்டாமா என்கிறார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இது ஏற்றதல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். வளர்ந்தவர்கள் நிலை வேறு. கோபம் வந்தால் நாட்கணக்கில் பேசாமல் இருப்பதை நம் வீடுகளில் ஒரு தண்டனையாகவே வைத்திருக்கிறோம். கணவன் மனைவியோடு பேசுவதில்லை; தகப்பன் மகனோடு பேசுவதில்லை. பேசாதிருப்பதைப் பெருந்தன்மை என்றும் எண்ணிக்கொள்கிறோம். தக்க சமயத்தில் எல்லாம் சரியாகிவிடும் படங்கள் இந்த வழக்கத்தைத் தொடுவதில்லை. இந்தப் படம் தொடுகிறது.

இன்னொரு மௌனமும் இதிலே உண்டு. போர் 2009இல் முடிந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இடம் நம் கண்டி. ஒரு வீட்டில் படைக்குப் போய் வந்த மகன் இருக்கலாம். பக்கத்து வீட்டில் போரிலே உறவினரை இழந்தவர் இருக்கலாம். சுகம் விசாரிப்போம், பலகாரம் பரிமாறுவோம். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கதைக்க மாட்டோம். சரத்சிறியும் செல்வியும் அன்பில்லாமல் வாழ்ந்தவர்கள் அல்லர். உண்மையைச் சொல்லாமல் வாழ்ந்தவர்கள். 2014இல் சென்னையில் எதிர்ப்பு மிரட்டல்களால் இப்படத்தின் காட்சிகள் நிறுத்தப்பட்டன. இரு தரப்பாரையும் ஒரே அறையில் இருத்திப் பேசவைக்க முயன்ற படத்தைப் பார்க்கவே சிலர் விடவில்லை.

ஆகவே, "குடும்பத்தோடு பார்க்கலாமா?" என்ற கேள்வியைக் கைவிட வேண்டாம். அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: படம் முடிந்த பின் வீட்டிலே நாம் ஒருவரோடொருவர் பேசுவோமா? பேசவைக்கும் படமென்றால், அது சோகத்தில் முடிந்தாலும் குடும்பப் படம்தான்.