‘செப்பு’ என்னும் சொல்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் செவியில் நாள்தோறும் விழும் தெலுங்குச் சொற்களுள் ஒன்று ‘செப்பண்டி’ என்பது. கடைக்காரரும், மருத்துவரும், பயணச்சீட்டு வழங்கும் எழுத்தரும் நம்மை நோக்கி முதலில் கூறுவது இதுவே. ‘சொல்லுங்கள்’ என்பது இதன் நேர்ப்பொருள்; ‘தங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பது குறிப்புப்பொருள்.

சொற்கள் உயிரொலியில் முடியும் இனிமை பற்றித் தெலுங்கைக் ‘கீழ்த்திசை இத்தாலியம்’ எனப் புகழ்வதுண்டு. இவ்வழக்கிலும் அவ்விரு மொழிகளும் ஒத்திருக்கின்றன. இத்தாலிய மொழியில் ‘தீரே’ என்றால் சொல்லுதல். அந்நாட்டுக் கடைக்காரர் வந்தவரை நோக்கி மரியாதையாகத் ‘தீக்கா’ என்பார். நெருங்கிய நண்பரிடம் ‘திம்மி’ என்பார். அவ்வாறே தெலுங்கிலும் பெரியோரிடமும் அறிமுகமில்லாரிடமும் ‘செப்பண்டி’ என்றும், பிள்ளைகளிடமும் தோழரிடமும் ‘செப்பு’ என்றும் கூறுதல் மரபு.

புதிதாக வந்த நம்மவர் இடர்ப்படுவது இவ்விடத்திலேதான். ‘செப்பாரு’ என்றால் சொன்னார். ‘செப்பாடு’ என்றால் சொன்னான். ஆசிரியரைக் குறித்து ஒரு பிள்ளை ‘செப்பாடு’ என்று கூறிவிட்டால், அதனை மொழியறியாமை என்று கருதாது அடக்கமின்மை என்று கருதுவாரும் உளர். மேலும், தமிழில் ‘சொல்’, ‘பேசு’ இரண்டும் வெவ்வேறாக இருத்தல் போலத் தெலுங்கிலும் ‘செப்பு’ வேறு, ‘மாட்லாடு’ வேறு. செய்தியைச் செப்புவர், ஒருவரோடு மாட்லாடுவர்.

எனினும் இச்சொல் நமக்கு அயற்சொல் அன்று. வினாவுக்குரிய விடையைத் தொல்காப்பியம் ‘செப்பு’ என்றே வழங்குகிறது. நம்மிடையே செய்யுள் வழக்காக நின்றுவிட்ட அச்சொல், அண்டை வீட்டாரின் அன்றாடப் பேச்சில் இன்றும் வழங்குகிறது. ‘தெலுங்கு வந்தால் தமிழ் போய்விடும்’ என்று அஞ்சும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

1960 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆகவே இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் தெருவிலும் தெலுங்கு இன்றியமையாதது. தமிழோ வீட்டில் நாம் கொடுத்தால்தான் உண்டு. இரவு உணவுக்குப் பின் அன்று பள்ளியில் நடந்தவற்றைப் பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும். பிறகு அவற்றையே தெலுங்கில் செப்பட்டும். ‘சொன்னார்’ என்னும் இடத்தில் ‘செப்பாரு’ வருகின்றதா என்று மட்டும் நாம் கவனித்துத் திருத்துவோமாக.