கட்டில் பெஞ்சாயிற்று!



கும்மிடிப்பூண்டியில் நெடுங்காலமாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். அரிசி மூட்டைமேல் யாராவது உட்கார்ந்தால் எனக்குப் பொறுக்காது. "லட்சுமி மேல உட்காராதே" என்று எழுப்பிவிடுவேன். சென்ற ஆண்டு ஒரு நாள், பருப்புப் பொட்டலம் போடும் அம்மாளையும் அப்படித்தான் எழுப்பினேன். "வேற எங்கே முதலாளி உட்காரட்டும்?" என்று கேட்டுவிட்டார்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். கல்லாவில் எனக்கு நாற்காலி உண்டு. வாடிக்கையாளருக்கு இரண்டு ஸ்டூல் உண்டு. நாள் முழுவதும் நிற்கும் மூவருக்கு ஒன்றுமே இல்லை.

இது மனசாட்சி விஷயம் மட்டுமல்ல, சட்டமும்கூட. கோழிக்கோட்டு ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதன் பயனாக, கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. நம் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு, எல்லாப் பணியாளருக்கும் தக்க இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. பெரிய ஜவுளிக் கடைகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

புது பெஞ்சு வாங்கலாம் என்று புறப்பட்டபோது, பின்கட்டில் கிடந்த பழைய தேக்குக் கட்டில் நினைவுக்கு வந்தது. என் கல்யாணத்துக்குச் செய்தது. நடுப்பலகைகளைச் செல்லரித்துவிட்டது. தலைமாட்டுப் பலகையும் சட்டங்களும் கல்லுப்போல் இருந்தன. வீட்டில் முதலில் சம்மதிக்கவில்லை. காரணத்தைச் சொன்னதும் சரி என்றார்கள்.

ஆசாரி செய்த விதத்தைச் சொல்கிறேன். நான்கு அடி அகலத் தலைமாட்டுப் பலகை அப்படியே முதுகுச் சாய்வு ஆயிற்று. அதன் இரு கால்களே பெஞ்சின் பின்கால்கள். கால்மாட்டின் இரு கால்களை அறுத்து முன்கால்கள் ஆக்கினார். ஆறடிப் பக்கச் சட்டம் ஒவ்வொன்றிலும் நான்கு அடித் துண்டு ஒன்று, பதினாறு அங்குலத் துண்டு ஒன்று கிடைத்தது. நீளமானவை முன்னும் பின்னும், குட்டையானவை இரு பக்கமும் சேர்ந்து சட்டகம் ஆயின. கால்மாட்டுப் பலகை உட்காரும் பலகை ஆயிற்று. குறைந்த அகலத்துக்கு மட்டும் ஒரு புதுப் பலகை வாங்கினோம். நடுவில் தாங்கு கட்டை ஒன்று. உயரம் பதினேழு அங்குலம். உட்காருபவரின் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்பதே கணக்கு. பலகையைப் பின்பக்கம் அரை அங்குலம் தாழ்த்தினால் முதுகுக்குச் சுகம்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. அறுக்கும் முன் பழைய ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள். இல்லையேல் ரம்பத்தின் பல் போகும். மரத்தில் குண்டூசித் துளையும் மாவுபோன்ற தூளும் கண்டால் அந்தத் துண்டைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதியே 2016-இல்தான் வந்தது. ஆகவே உலர்ந்த பெயிண்டைக் கடையில் தேய்க்காமல், வெளியே தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுங்கள். அரிசி பருப்பில் படக் கூடாது.

கட்டில் இல்லாதவர்கள் சிப்காட் தொழிற்சாலைகளிலிருந்து கழித்துவிடும் மரப்பெட்டி, பேலட் பலகைகளை வாங்கிச் செய்யலாம். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பலகையில் முத்திரை இருக்கும். ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பக்குவம் செய்தது. எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பக்குவம் செய்தது. அதைத் தவிருங்கள். எண்ணெய், ரசாயனக் கறை படிந்த பலகையும் வேண்டாம்.

பெஞ்சைத் தராசுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். முதல் இரண்டு நாள் யாரும் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். மூன்றாம் நாள் நானே போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து, "உட்காரும்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் பயம் போயிற்று. பொட்டலக் கணக்கு ஒன்றும் குறையவில்லை.

நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் பழைய மரம் கிடக்கிறது. கடையில் நான்கு அடி இடம் ஒதுக்க முடியாதா? யோசியுங்கள்.