பெற்றோல் விலையும் பழியின் முகவரியும்

இலங்கையில் பெற்றோல் விலை உயரும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய பழியை யார் ஏற்பது என்ற வழக்கும் கூடவே எழுகிறது; ஆளுந்தரப்பு உலகச் சந்தையைச் சுட்டும், எதிர்த்தரப்பு வரியையும் ஊழலையும் சுட்டும், ஆட்சி மாறியதும் இரு தரப்பும் தத்தம் வாதங்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ளும். இவ்விரு வாதங்களிலும் ஓரளவு உண்மை உண்டெனினும், விலையை மிக அதிகமாக உயர்த்திய காரணம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் வெளியே, நாணய மாற்று வீதத்தில் இருந்தது என்பதே அண்மைக்கால வரலாறு காட்டும் செய்தியாகும்.

எண்ணெய் வளம் இல்லாத இந்நாட்டில் 1969 முதல் இயங்கிவரும் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை உள்நாட்டுத் தேவை முழுவதையும் ஈடுசெய்யப் போதாமையால், ஹெவ்லொக் டவுனிலோ கொட்டாஞ்சேனையிலோ வாகனமொன்றில் நிரப்பப்படும் பெற்றோலின் பெரும்பகுதி சுத்திகரிக்கப்பட்ட நிலையிலேயே இறக்குமதியாகிறது. சிங்கப்பூர்ச் சந்தையில் நாள்தோறும் கணிக்கப்படும் விலையை அடிப்படையாகக் கொண்டு, கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்த்து, டொலரில் செலுத்தப்படும் அத்தொகை ரூபாவாக மாறும் இடத்தில் மத்திய வங்கியின் நாணயக் கொள்கையும், அதன்மேல் சுங்க வரி, உற்பத்தி வரி முதலியன ஏறும் இடத்தில் திறைசேரியின் தேவையும் விலைக்குள் நுழைகின்றன. ஆகவே எரிசக்தி அமைச்சர் அறிவிக்கும் விலையில் எரிசக்தி அமைச்சு தீர்மானிக்கும் பங்கு மிகச் சிறியதாயினும், அறிவிப்பவர் அவரேயாதலால் பழியும் அவரையே வந்தடைகிறது.

2021 ஜூன் மாதத்தில் நடந்தது இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு ஜூன் 11 நள்ளிரவு முதல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 20 ரூபா உயர்ந்து 157 ரூபாவானபோது, அதனை அறிவித்த அமைச்சர் உதய கம்மன்பில பதவி விலக வேண்டுமென்று முதலில் கோரியவர்களுள் ஒருவர், வியப்புக்குரியவாறு, ஆளும் பொதுஜன பெரமுனவின் பொதுச் செயலாளர் சாகர காரியவசமே ஆவார். அம்முடிவு தம்முடையதன்று, ஜனாதிபதியும் பிரதமரும் அறிய வாழ்க்கைச் செலவு தொடர்பான அமைச்சரவை உபகுழு எடுத்தது என்று கம்மன்பில பதிலளித்தார். கொவிட் பரவலால் 2020இல் உலக விலை சரிந்த வேளையில் உள்நாட்டு விலையைக் குறைக்காமல் 137 ரூபாவிலேயே நிறுத்தி, அதனால் கிடைக்கும் மிச்சத்தை விலை உறுதிப்பாட்டு நிதியமாகச் சேர்ப்பதாக அரசாங்கம் கூறியிருந்தமையால், அந்த நிதி எங்கே என்று எதிர்க்கட்சி கேட்டது; கேட்க வேண்டிய கேள்விதான். ஐக்கிய மக்கள் சக்தி கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை ஜூலையில் 61க்கு எதிராக 152 வாக்குகளால் தோற்றது. கட்சிச் செயலாளரின் கண்டனத்துக்கு உள்ளான அமைச்சரை அக்கட்சியின் வாக்குகளே காப்பாற்றின.

அந்தச் சச்சரவின் நடுவே ரூபாவைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசவில்லை. அப்போது டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவாகப் பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. பிரென்ட் மசகு எண்ணெய் பீப்பாய் 70 டொலரைச் சற்றே தாண்டியிருந்தது. ஓராண்டுக்குப் பின், உக்ரைன் போர் தொடங்கிய நிலையில், எண்ணெய் 110 முதல் 120 டொலர் வரை நின்றது; 2022 மார்ச்சில் கட்டவிழ்ந்த ரூபாவோ டொலருக்கு 360 வரை வீழ்ந்தது. பெற்றோல் அதே மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் 26இல் 470 ரூபா என ஏறி, ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஏறத்தாழ மும்மடங்கானது. உலக விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக மட்டுமே உயர்ந்திருக்க, எஞ்சியதில் பெரும்பகுதியை ரூபாவின் வீழ்ச்சி நிரப்பியது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. போரை மட்டும் காரணம் காட்டியவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டார்கள்.

விலை உயர்வைவிடக் கூடுதலான தீங்கு, உயர வேண்டிய காலத்தில் உயர்த்தாமல் விட்டதால் விளைந்தது என்றும் வாதிடலாம். மாதந்தோறும் உலக விலைக்கேற்ப உள்நாட்டு விலையைத் திருத்தும் சூத்திரமொன்றை 2018 மே மாதத்தில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நடைமுறைப்படுத்தி, பெற்றோலை 117 ரூபாவிலிருந்து 137 ரூபாவாக உயர்த்தியபோது, அது மக்கள்மீது சுமத்தப்பட்ட சுமையென மகிந்த ராஜபக்ச அணி சாடியது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் அதிகாரத்தைக் கைப்பற்றிய சில நாட்களிலேயே அந்த அணி 10 ரூபாவைக் குறைத்தது. 2019இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் சூத்திரம் கைவிடப்பட்டது. செலவுக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான பள்ளத்தை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இலங்கை வங்கியிடமும் மக்கள் வங்கியிடமும் டொலரில் கடன்பட்டு நிரப்பியது. குறைந்த விலையால் குறையாத நுகர்வு அந்நியச் செலாவணியை மேலும் கரைக்க, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. அவ்வாண்டில் வெள்ளவத்தை, கிருலப்பனை, ஹெவ்லொக் வீதி என எங்கும் நீண்ட வரிசைகள், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற ஜூன் இறுதி அறிவிப்பு, கியூஆர் பங்கீட்டு முறை ஆகியவை தொடர்ந்ததைக் கொழும்பு வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

நீதிமன்றமும் இந்த வழக்கிலிருந்து விலகி நிற்கவில்லை. எதிர்கால விலை உயர்விலிருந்து காத்துக்கொள்ள வங்கிகளுடன் முன்கூட்டியே செய்துகொள்ளும் ‘ஹெஜிங்’ ஒப்பந்தங்கள், 2008இல் பீப்பாய்க்கு 147 டொலரைத் தொட்ட எண்ணெய் திடீரெனச் சரிந்தபோது கூட்டுத்தாபனத்துக்குப் பெரும் இழப்பாக மாறின. அது தொடர்பான வழக்கில் பெற்றோலை 100 ரூபாவுக்கு விற்குமாறு உயர் நீதிமன்றம் டிசம்பரில் இட்ட உத்தரவை அரசாங்கம் நிறைவேற்றவில்லை.

2022இல் காஞ்சன விஜேசேகர அமைச்சராக இருந்த காலத்தில், முன்பு ஏளனம் செய்யப்பட்ட மாதாந்தத் திருத்தம் மீண்டும் வந்து, செலவை ஈடுசெய்யும் விலை என்ற நிபந்தனையாகச் சர்வதேச நாணய நிதிய உடன்பாட்டிலும் இடம்பெற்றது. கூட்டுத்தாபனத்தின் பழைய கடனைத் திறைசேரி ஏற்றுக்கொண்டமையால், அதனைத் தீர்க்க லீற்றருக்கு 50 ரூபா அறவிடப்படுகிறது. எதிர்க்கட்சியில் இருந்தபோது எரிபொருள் வரியையும் தரகுப் பணத்தையும் கண்டித்த தேசிய மக்கள் சக்தி, 2024இல் ஆட்சிக்கு வந்த பின்னும் அந்த அறவீட்டை நீக்கவில்லை. 2021இல் 20 ரூபா உயர்வுக்காக நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தியது, இந்த 50 ரூபாவோ மாதாந்த விலைப்பட்டியலுக்குள் அடங்கி, ஓட்டோக் கட்டணமாகவும் மரக்கறி விலையாகவும் வாகனமில்லாதவர்களிடமும் சேர்த்தே வசூலாகிறது.