ஆரஞ்சுத் தோலின் மணம் மருந்தாகுமா?

நோயாளரைக் காண வருவோர் பெரும்பாலும் ஆரஞ்சோ சாத்துக்குடியோ வாங்கி வருவர். பழத்தை உரித்தவுடன் அறையெங்கும் மணம் பரவும். தோலிலுள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உடைவதே அதற்குக் காரணம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கும் மேலாக இருப்பது லிமோனீன் என்னும் இயற்கைப் பொருள். எலுமிச்சைத் தோலிலும், குறைந்த அளவில் மிளகு, ஏலக்காய், சதகுப்பை ஆகியவற்றிலும் இது உண்டு.

"இந்த எண்ணெய் புற்றுநோய்க் கட்டியைக் கரைக்குமாமே, கொடுக்கலாமா?" என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. இக்கேள்வி முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1980களில், லிமோனீன் கலந்த உணவை உண்ட எலிகளுக்கு மார்பகக் கட்டிகள் குறைவாகத் தோன்றியதை ஆய்வாளர்கள் கண்டனர். அதன் பின்னரே மனிதர்களிடம் சோதனை நடைபெற்றது.

1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், பிற சிகிச்சைகள் பலனளிக்காத 32 நோயாளருக்கு லிமோனீன் அளிக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய் இருந்த ஒருவருக்கு மட்டும் கட்டி ஓரளவு சுருங்கி, 11 மாதங்கள் அந்நிலையிலேயே இருந்தது. அதே நோயுள்ள மேலும் 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எவருக்கும் கட்டி சுருங்கவில்லை. அளவு கூடியபோது குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்பட்டன. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 43 பெண்கள் நாள்தோறும் 2 கிராம் உட்கொண்டனர். உயிரணுப் பெருக்கத்தோடு தொடர்புடைய ஒரு புரதம் கட்டியில் 22 விழுக்காடு குறைந்தது. எனினும் அது நோய் குணமானதற்குச் சான்றாகாது.

ஆகவே, லிமோனீன் இன்னும் ஆய்வுக்குரிய பொருளே; சிகிச்சைக்கு மாற்று அன்று. இதனை நம்பி மருந்தையோ கதிர்வீச்சையோ தள்ளிப்போடுவது, நோய்க்கு வளர நேரம் கொடுப்பதாகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

சமையலில் சேரும் மிளகு, ஏலக்காய் அளவும், உண்ணும் பழத்தின் அளவும் பொதுவாகத் தீங்கற்றவை. கடையில் விற்கும் நறுமண எண்ணெயைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். அதைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

நெடுநாள் திறந்திருந்த எண்ணெய் காற்றுடன் வினைபுரிந்து, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறுகிறது. பழைய எண்ணெயைத் தோலில் தடவாதீர்கள்.

சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்கள், ஆரஞ்சுச் சாறு அருந்துமுன் உணவியல் வல்லுநரைக் கேளுங்கள். பம்ப்ளிமாஸ், கிரேப் ஃபுரூட் ஆகிய பழங்கள் சில கொழுப்புக் குறைப்பு மருந்துகளின் அளவையும், உறுப்பு மாற்று நோயாளரின் சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடும். இதற்குக் காரணம் லிமோனீன் அன்று, அப்பழங்களிலுள்ள வேறு பொருள்கள். அவற்றை உண்ணலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

நோயாளருக்கு நீங்கள் வேறு எதைக் கொடுத்து வந்தாலும், தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். அன்பினால் கொடுத்ததற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. அறியாமல் போனால்தான் சிகிச்சை தடுமாறும்.