பட்டணம் பார்க்க வந்த குடும்பம்: மெரினாவில் 2 மணி நேரம் தவித்த பெற்றோர்!

சென்னை–

கோவில்பட்டி பக்கத்தில் இருந்து சென்னையைச் சுற்றிப் பார்க்க வந்த பெற்றோர், மெரினா கடற்கரையில் 2 மகன்களைக் காணாமல் 2 மணி நேரம் தவியாய்த் தவித்தார்கள். காணாமல் போனவர்கள் கைக்குழந்தைகள் அல்ல. மூத்தவனுக்கு வயது 22. இளையவனுக்கு 14.

குடும்பத் தலைவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். கோடை விடுமுறைக்கு மனைவி, 2 மகன்கள், கல்லூரியில் படிக்கும் 19 வயது மகள் ஆகியோரோடு பஸ் ஏறினார். எங்கே போவது, என்ன பார்ப்பது என்று கடைச் சீட்டில் அவரே எழுதி வைத்துக்கொண்டார். பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பட்டணத்துல யாரும் பிரிஞ்சு போகக் கூடாது. எல்லாரும் ஒண்ணாத்தான் போகணும்." இது அவர் போட்ட உத்தரவு.

முதல் நாளே கோணல்

வெள்ளிக்கிழமை விடிகாலை. பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிட்டது. கோயம்பேடு வரை போகும் என்று நினைத்தவர் திகைத்துப் போனார். தென் மாவட்ட அரசு பஸ்கள் 2024 ஜனவரியில் கிளாம்பாக்கத்துக்கு மாறியது அவருக்குத் தெரியாது. மூட்டை முடிச்சோடு மாநகர பஸ் பிடித்து, சுமார் 30 கிலோ மீட்டர் தாண்டி எழும்பூர் வந்தார்கள்.

லாட்ஜில் அடுத்த சிக்கல். "5 பேருக்கு ஒரே ரூம் தர முடியாது. வயசு வந்தவங்க எல்லாருக்கும் அடையாள அட்டை வேணும்" என்றார் மானேஜர். மகளின் ஆதார் அட்டை ஊரில், பீரோவில் இருந்தது. அவள் போனில் வைத்திருந்த நகலைக் காட்டித் தப்பித்தார்கள்.

குளித்துவிட்டு எழும்பூர் மியூசியம் போனார்கள். கேட் பூட்டிக் கிடந்தது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை!

பிறகு தியாகராய நகர் ரங்கநாதன் தெரு. சேலை, பாத்திரம் என்று மாலை 5 மணி வரை ஓடியது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மகள், "கோட்டூர்புரம் நூலகத்தைப் பார்க்கணும்ப்பா" என்றாள். "அது அடுத்த தடவை" என்றார் அப்பா. மகன்கள் இருவரும் பைகளைச் சுமந்துகொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

எந்தச் சிலை?

மாலை 6½ மணிக்கு மெரினா. மூத்தவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் என்ன சின்னப் பிள்ளையாப்பா? கொஞ்சம் நடந்துட்டு வாரேன்" என்று தம்பியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

"சீக்கிரம் வா. சிலைகிட்ட நிக்கோம்" என்றார் அப்பா.

மணி 7½ ஆனது. ஆளைக் காணோம். போன் போட்டால் 'சுவிட்ச் ஆப்'. ராத்திரி முழுக்க பஸ்சில் படம் பார்த்ததில் சார்ஜ் தீர்ந்திருந்தது. இருட்டில் அலைச் சத்தம் கேட்கக் கேட்க, தாயார் கடலைப் பார்த்து அழத் தொடங்கினார்.

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. மெரினாவில் கடலில் இறங்கிக் குளிக்கத் தடை இருக்கிறது. திரும்பிப் போகும் தண்ணீர் ஆளையே உள்ளே இழுத்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களும் தப்புவது கஷ்டம். வெளியூர் வாலிபர்கள் பலர் இங்கே பலியானது உண்டு.

ரோந்து வந்த போலீஸ்காரர் விஷயத்தைக் கேட்டார்.

"எந்தச் சிலைன்னு சொன்னீங்க?"

அப்பா விழித்தார். அவர் நின்றது உழைப்பாளர் சிலை அருகில். ஆனால் காமராஜர் சாலை நெடுக வரிசையாகச் சிலைகள். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தவை மட்டும் 10.

போலீஸ்காரர் தெற்கே தேடிப் போனார். கண்ணகி சிலை அருகில் அண்ணனும் தம்பியும் கலங்கிப்போய் நின்றார்கள். வேறு போனில் பேசலாம் என்றால் அப்பா நம்பர் இருவருக்குமே மனப்பாடம் இல்லை. லாட்ஜ் பெயரும் தெரியவில்லை!

மணி 8½க்குக் குடும்பம் ஒன்று சேர்ந்தது. அடி விழும் என்று பயந்த இளையவனை அப்பா கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி போட்ட புது திட்டம்

அன்று இரவு லாட்ஜில் 5 பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கடைச் சீட்டு கிழிந்தது. ஆளுக்கு ஒரு இடம் கேட்டு, மகள் புதிதாக எழுதினாள்.

சனிக்கிழமை காலை எல்லாரும் மெட்ரோ ரயிலில் வடபழனி முருகன் கோவில். எழும்பூரில் ஏறினால் நேராக வடபழனியில் இறங்கலாம். 11 மணிக்கு மேல் பெற்றோர் லாட்ஜில் ஓய்வு. மகளுக்கு 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். மகன்களுக்கு விம்கோ நகர் வரை மெட்ரோ சவாரி. கைச்செலவுக்கு ஆளுக்கு 300 ரூபாய். மாலை 5½ மணிக்கு உழைப்பாளர் சிலை.

5.20-க்கே மூன்று பிள்ளைகளும் அங்கே நின்றார்கள்!

வருவோர் கவனிக்க

* மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை. கிளம்பும் முன் விசாரிக்கவும்.

* வண்டலூர் பூங்கா கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் பக்கம். ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

* ரயிலில் 60 நாள் முன்பு முன்பதிவு செய்யலாம். 12 வயது நிறைந்தால் முழு டிக்கெட். 'பையன் சின்னவன்' என்ற கணக்கு செல்லாது.

* மாநகரச் சாதாரண பஸ்களில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மாவும் மகளும் பஸ்சில் போனால் செலவு குறையும்.

* அப்பா நம்பர், லாட்ஜ் பெயர் இரண்டையும் எழுதி எல்லார் சட்டைப் பையிலும் வைக்கவும். அவசரத்துக்கு 112, சிறுவர் உதவிக்கு 1098, ரயில் பயணிகளுக்கு 139.

ஞாயிறு இரவு ஊருக்குப் பஸ் ஏறும்போது, "அடுத்த வருஷம் எங்க அண்ணாச்சி?" என்று கண்டக்டர் சிரித்தபடி கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க. திட்டம் போடுறது இனிமே எம் மகதான்" என்றார் மளிகைக் கடைக்காரர்.